வீரனார் கிடாவும் கொள்ளிடம் போட்ட கோலும்

சின்னதுரைக்கு வாய் எப்போதும் முந்திக்கொண்டு போய்விடும். புத்தி அடுத்த பஸ்ஸைப் பிடித்து மெதுவாக வந்து சேரும். ஆண்டிமடத்துப் பக்கம் இது தெரியாத ஆள் கிடையாது. முந்திரிக்கொட்டை வாங்க வரும் வியாபாரிகள்கூட, அவரிடம் விலை பேசுவதற்கு முன்னால் கடைத்தெருவில் நின்று ஒரு டீ குடித்துத் தெம்பேற்றிக்கொண்டுதான் வருவார்கள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். பதில் இல்லாத இடத்தில் ஒரு சவால் வைத்திருப்பார்.

அந்த வாய்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை வெயிலில் கோணிக்கொண்டது. தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டார். திருச்சியில் ஆஸ்பத்திரி வாசம் இருபது நாள். கையும் காலும் சீக்கிரமே வழிக்கு வந்தன. பேச்சு மட்டும் நாலு மாதம் வரவில்லை. அப்புறம் அதுவும் வந்தது. ஆனால் வந்தது பேச்சுதான், பழைய சின்னதுரை வரவில்லை. 'தண்ணி', 'சோறு', 'போயிட்டு வரேன்' என்று ரேஷன் கடை அளவையில் பேசினார். யாராவது சீண்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துபோனார். இதனால் ஊரில் நாலு பேர் நிம்மதியாக இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் மனைவி ஜானகி அந்த நாலு பேரில் இல்லை.

இந்த வருஷம் வைகாசியில் திருமழபாடியில் ஜானகியின் அண்ணன் ராஜவேல் புது வீடு கட்டிக் குடிபோனார். சாப்பாடு முடிந்து பந்தலுக்குள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சுற்றிச் சுற்றிக் கால்பந்தாட்டத்துக்கு வந்தது. ஆடி மாதம் கொள்ளிடத்துப் படுகையில் திருமழபாடி இளைஞர்கள் கோப்பைப் போட்டி நடத்துகிறார்கள். ஆண்டிமடத்துப் பையன்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

ராஜவேல் ஆற்றங்கரைக்காரர். முந்திரிக்காட்டுக்காரர்கள் என்றால் அவருக்கு எப்போதும் ஒரு இளக்காரம் உண்டு.

"முந்திரிக்காட்டுல பத்தடிக்கு ஒரு மரம் நிக்கும். உங்க பசங்க எங்க மாப்ள ஓடிப் பழகுறாங்க, மரத்தச் சுத்தியா?" என்றார்.

பந்தல் சிரித்தது. சின்னதுரை கப் ஐஸ்கிரீமைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மரக்கரண்டியை வாயிலிருந்து எடுத்தார்.

"மரத்தச் சுத்தி ஓடிப் பழகினவனுக்கு உங்க ஆளுங்களச் சுத்தி ஓடுறது ஒரு வேலையா மச்சான்? மரமாவது காத்தடிச்சா அசையும்."

பந்தலில் கூரைத் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பைக் கேட்காத மனிதருக்கு அது கள்ளைப் போல ஏறியது. அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. திருமழபாடிக் கோல்கீப்பரைப் பற்றி ஒன்று, ராஜவேலின் தொப்பையைப் பற்றி ஒன்று, புது வீட்டின் பச்சைப் பெயிண்டைப் பற்றி ஒன்று என்று எடுத்து விட்டார்.

"இவ்வளவு பேசுறீங்களே, பந்தயம் வைப்பீங்களா?" என்றார் ராஜவேல். "எங்க ஊரு தோத்தா பத்து மூட்டை நெல்லு உங்க வூட்டு வாசல்ல எறக்குறேன். உங்க ஊரு தோத்தா?"

சின்னதுரை தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடினார். கொட்டையெல்லாம் விற்றாகிவிட்டது. தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் கிளம்பிப் போய்விட்டது.

"என் கிடாவ வைக்கிறேன்."

இந்த இடத்தில் அந்தக் கிடாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருப்புக் கிடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. கழுத்தில் வெண்கல மணி. கயிறு கிடையாது, ஏனென்றால் அது ஊர்க் காவல் சாமியான வீரனாருக்கு நேர்ந்துவிட்ட கிடா. சாமிக்கென்று மஞ்சள் தடவி விட்ட பிறகு அதைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. அது யார் கொல்லையில் மேய்ந்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். வேண்டிய காரியம் முடிந்ததும் வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நேர்ந்தது ஜானகி. எதற்காக என்று சின்னதுரைக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மஞ்சள் பூசிய குட்டி ஒன்று வாசலில் நின்றதைப் பார்த்தார். அப்போது கேட்க வாய் இல்லை. வாய் வந்த பிறகு கேட்கத் தோன்றவில்லை. மகள் ஹேமலதா பெரம்பலூரில் தங்கி அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், அதற்காகத்தான் இருக்கும் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

பந்தயம் வைத்த அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் புத்தி வந்து சேர்ந்தது. சாமி சொத்தைப் பந்தயத்தில் வைத்த ஆள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? ஜானகிக்குத் தெரிந்தால்? ஜெயங்கொண்டம் வரைக்கும் யோசித்து ஒரு நியாயம் கண்டுபிடித்தார். ஹேமலதாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆக, வீரனார் இன்னும் வேலையை முடித்துக் கொடுக்கவில்லை. வேலை முடியாமல் கூலி கைமாறாது. ஆகவே கிடா இன்னும் நம்முடையதுதான். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள், முந்திரிக்குப் போய்விட்டார்.

ஆடி பிறந்தது. இரண்டு அணிகளும் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து நேராக இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆட்டம். பந்தயப் பொருள் இரண்டும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் சாக்கு சொல்லக் கூடாது என்று ராஜவேல் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலையில் உள்ளூர் அய்யம்பெருமாளின் குட்டியானை சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. சின்னதுரை கிடாவை அணைத்துத் தூக்கி ஏற்றினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் ஜானகி.

"ஜெயங்கொண்டம். ஆட்டுக்கு ஊசி போடணும். நோவு பரவுதாம்."

"ஞாயித்துக்கெழம ஊசி போடுறாங்களா?"

"ஸ்பெஷல் கேம்ப்பு."

ஜானகி அவரை மேலிருந்து கீழே பார்த்தாள். "ஊசிக்கு எதுக்குங்க ஜரிகை வேட்டி?"

"டாக்டர் இருப்பாருல்ல" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஜானகி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வண்டி திரும்பும்போது, "பத்திரமா கூட்டியாங்க" என்று மட்டும் சொன்னாள். கிடாவைச் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார்.

திருமழபாடியில் கரை ஏறியதும் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் காய்கறித் தோட்டங்கள், நடுவில் புல்தரையாகக் கிடந்த திடலில் சுண்ணாம்புக் கோடு, கிழக்கிலும் மேற்கிலும் மூங்கில் கோல் போஸ்ட். அப்பால் கொள்ளிடம் நுரையும் குப்பையுமாகச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கர்நாடகத்தில் மழை, மேட்டூர் நிரம்பிவிட்டது, மூன்று நாளாகவே கிராம அதிகாரி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி எச்சரித்துக்கொண்டிருந்தார். எந்த நேரமும் தண்ணீர் உயரலாம், படுகைக்குள் யாரும் இறங்க வேண்டாம் என்று தெளிவாகத்தான் சொன்னார். ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஆறு தங்கள் வீட்டு மாடு என்று நினைப்பு. காலையில்தான் வரும், வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டு வரும் என்றார்கள்.

அப்படிச் சொன்ன ராஜவேல், பத்து மூட்டை நெல் ஏற்றிய டிராக்டரை மட்டும் கரைமேல் நிறுத்தியிருந்தார். சின்னதுரை அதைக் கவனிக்கவில்லை. கிடா தொலைந்துவிடுமே என்று, அது பிறந்ததிலிருந்து கண்டிராத கயிற்றை அதன் கழுத்தில் போட்டு, திடலின் ஓரத்திலிருந்த கருவை மரத்தில் இறுக்கிக் கட்டினார். கிடா அவரை ஒரு பார்வை பார்த்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குரும்பலூரிலிருந்து வந்திருந்த விளையாட்டு வாத்தியார் தர்மராஜ் சார் விசில் ஊதினார். மைக்கில் வர்ணனை சொல்லத் திருமழபாடி அரியமுத்து. பன்னிரண்டாவது நிமிஷத்தில் திருமழபாடி ஒரு கோல் போட்டது.

"முதல் கோல் அடித்திருக்கும் நமது அணிக்கு வாழ்த்துகள்" என்றார் அரியமுத்து. "ஆண்டிமடத்து நண்பர்கள் மனம் தளர வேண்டாம், முந்திரிப்பருப்பு உடம்புக்கு நல்லது."

ராஜவேல் எழுந்து போய்க் கிடாவின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நல்லா வளத்திருக்கீங்க மாப்ள. பதினெட்டு கிலோ தேறும்."



இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி தொடங்கியபோது கரைமேல் ஆட்டோ வந்தது. "கொள்ளிடத்தில் நீர்வரத்து மேலும் அதிகரித்துள்ளதால்" என்று ஆரம்பித்தது. அரியமுத்து தன் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோய், "அறிவிப்புக்கு நன்றி, இப்போது திருமழபாடிக்குக் கார்னர் கிக்" என்றார். ஆட்டோ என்ன செய்யும், அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி. ஆண்டிமடத்துப் பையன்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள், பந்து உள்ளே போகிற வழியாகக் காணோம். கிடா இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சின்னதுரை ஜானகி முகத்தில் எப்படி விழிப்பது? ஊசி போட்டதில் செத்துவிட்டது என்று சொல்லலாமா? சாமி கிடாவைச் சாகடித்துப் பேசினால் நாக்கு மறுபடி இழுத்துக்கொள்ளும் என்று பயம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

'வீரனாரே, உன் கூலி உன் கையைவிட்டுப் போவுது. இந்த ஆட்டத்த எப்படியாவது நிறுத்து. பாக்கிய நான் பாத்துக்கறேன்.'

கண்ணைத் திறந்தபோது மேற்குக் கோல் போஸ்டுக்குப் பின்னால் புல் பளபளத்தது. யாரோ குடத்தைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். அந்தப் பளபளப்பு கோட்டைத் தாண்டியது. சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு திடலின் நடுவுக்கு வந்தது. கணுக்கால் அளவுதான். ஆண்டிமடத்து முன்கள ஆட்டக்காரன் ஒருவன் அதைக் கவனிக்காமல் கிழக்கே ஓடி, முன்னால் வந்த பந்தை ஓங்கி உதைத்தான். பந்து கோல் கோட்டுக்கு நாலடி முன்னால் தண்ணீரில் விழுந்து, தொப்பென்று நின்றுவிட்டது. கீப்பர் அலட்டிக்கொள்ளாமல் குனிந்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த தண்ணீர் பந்தை மெல்லத் தூக்கி, அவன் கையை ஒதுக்கி, காலுக்கு நடுவே நுழைத்து, வலைக்குள் கொண்டுபோய் வைத்தது.

ஆண்டிமடம் குதித்தது. திருமழபாடி கத்தியது. தர்மராஜ் சார் பந்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் செருப்பு மிதந்து போவதைப் பார்த்தார். நீளமாக ஒரு விசில் ஊதினார். அது கோலுக்கா, ஆட்டத்தை நிறுத்தியதற்கா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் கரைக்கு ஏறுங்க" என்று அரியமுத்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டே ஓடினார்.

திடலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அதில் தண்ணீர் முட்டிக்கு வருவதற்குள் கூட்டம் கடந்துவிட்டது. கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினார்கள். ஒருவர் குறையவில்லை. சின்னதுரைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவர் நிறுத்தச் சொன்னார், வீரனார் நிறுத்திவிட்டார். கோலும் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்படி ஒரு சாமியை இத்தனை வருஷம் தேங்காயோடு நிறுத்தியது தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது.

கருவை மரத்தடியில் கிடா வயிறளவு தண்ணீரில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. கட்டாமல் விட்டிருந்தால் முதல் ஆளாகக் கரையேறியிருக்கும். கட்டியவர் சின்னதுரை. அவருக்கு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை, ஜரிகை வேட்டியோடு சரிவில் இறங்கினார். பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"நீச்சல் தெரியுமா மாப்ள?" என்றார் ராஜவேல்.

"எங்க ஊர்ல நீந்துறதுக்குத் தண்ணி எங்க மச்சான் இருக்கு?"

"அப்ப வாய மூடிக்கிட்டு இங்கயே நில்லுங்க."

டிராக்டரில் மூட்டை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ராஜவேல் இடுப்பில் சுற்றிக்கொண்டார். மறுமுனையை இரண்டு ஊர்ப் பையன்களும் சேர்ந்து பிடித்தார்கள். சற்றுமுன் திடலில் எதிரெதிரே நின்று மோதியவர்கள். பள்ளத்தில் தண்ணீர் ராஜவேலின் மார்புக்கு வந்தது. தோட்டத்திலிருந்து பிய்ந்து வந்த கத்தரிச் செடிகள் அவர் முகத்தில் மோதிக்கொண்டு போயின. ஒரு இடத்தில் கால் வழுக்கித் தலை உள்ளே போனது. கரையில் நின்ற ராஜவேலின் மனைவி அனுசுயா சத்தம் போடாமல் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலை மறுபடி மேலே வந்தது. கால் மணி நேரம் கழித்து ராஜவேல் தோளில் கிடாவைப் போட்டுக்கொண்டு சரிவில் ஏறி, ஏறிய இடத்திலேயே மல்லாந்து படுத்தார். கிடா உடம்பை ஒரு உதறு உதறி அவர் முகத்தில் சேற்றைத் தெளித்தது.

மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணுக்கு சைபர். கிடா எனக்கு."

"ஒண்ணுக்கு ஒண்ணு" என்றார் சின்னதுரை. குரல் நடுங்கியது, ஆனால் வாய் விடவில்லை. "கோலு விழுந்தத ஊரே பாத்துச்சு."

"அது கொள்ளிடம் போட்ட கோலு. கொள்ளிடம் எங்க ஊரு ஆளு. சேம் சைடு கோலு."

"சேம் சைடா இருந்தா மட்டும்? கணக்கு எங்களுக்குத்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மராஜ் சாரைத் தீர்ப்புக் கேட்டார்கள். அவர், ஆட்டம் முடியவில்லை, பாக்கி பத்து நிமிஷத்தைத் தண்ணீர் வடிந்த பிறகு ஆடிக்கொள்ளலாம், தமக்கு இப்போது ஒரு ஜோடி செருப்பு வேண்டும் என்றார்.

ராஜவேலும் சிரித்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே இருந்தார். திடலுக்கு அந்தப் பக்கம் அவருடைய கத்தரித் தோட்டம் அரை ஏக்கர் இருந்தது. இப்போது வரிசையாக நட்ட குச்சிகளின் நுனி மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்து என்று வேண்டியவர் சின்னதுரை. எப்படி நிறுத்த வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லாமல் விட்டவரும் அவர்தான்.

கிடாவின் கயிற்றை எடுத்து ராஜவேல் கையில் வைத்தார். "நீங்களே வச்சுக்குங்க மச்சான். நான் தோத்துட்டேன்."

"குடுக்குறதுக்கு இது உங்களுதா?" என்றார் ராஜவேல்.

"சாமி கிடான்னு தெரியும். ஹேமாவுக்கு இன்னும் வேல கெடைக்கல. அதனால இன்னும்..."

"ஹேமாவுக்கு யாரு நேர்ந்தா?" ராஜவேல் அவரை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு நேர்ந்தது மாப்ள. நீங்க திருச்சியில பேச்சு மூச்சில்லாம கெடந்தப்ப என் தங்கச்சி ஒருத்தியா பஸ் ஏறிப் போயி நேர்ந்துட்டு வந்த கிடா. உங்கள வச்சுத்தான் நீங்க பந்தயம் கட்டியிருக்கீங்க. அது தண்ணியில போயிருந்தா அவ மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதான் எறங்குனேன். பதினெட்டு கிலோ கறிக்கு எவன் எறங்குவான்."

சின்னதுரை குனிந்து கிடாவின் கழுத்திலிருந்த கயிற்றை அவிழ்த்தார். "பந்தயம் வச்சது ஜானகிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அன்னிக்கே எங்க வூட்டு அடுப்படியில போயி சொல்லிட்டேனே. கிடா எப்படியும் வீரனாருக்குத்தான் போவும், நான் பாத்துக்கறேன்னேன். கொஞ்ச நாளு உங்கள அலைய விடலாம்னு ஒரு ஆச, அவ்வளவுதான்."

"திட்டினாளா?"

"அழுதா. அழுதுட்டு சிரிச்சா. ஏன்னு அவளையே கேளுங்க."

மறுநாள் காலையில் குட்டியானை ஆண்டிமடம் வந்து சேர்ந்தபோது ஜானகி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ராத்திரியே போனில் எல்லாம் வந்துவிட்டிருந்தது. சின்னதுரை இறங்கினார். ஜரிகை வேட்டி சேறு காய்ந்து பலகையாக நின்றது. கிடாவின் கழுத்தில் கயிறு இல்லை. அது அவரைத் தாண்டி ஓடிப்போய் ஜானகியின் புடவையில் முகத்தைத் தேய்த்தது.

"ஊசி போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு."

"ஆட்டுக்கா, உங்களுக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மச்சான் சொன்னாரு. நான் உசுரு பொழைக்கணும்னு நேர்ந்தியாமே. எனக்குத் தெரியாம போச்சு ஜானகி."

"உசுருக்கு ஒண்ணுமில்லன்னு ரெண்டாம் நாளே டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு எதுக்கு நான் சாமிகிட்ட போறேன்" என்றாள் ஜானகி. கிடாவின் நெற்றியிலிருந்த சேற்றை விரலால் துடைத்தாள். "நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் என்ன சொன்னாலும் தலைய ஆட்டுனீங்க. கஞ்சி குடிங்கன்னா தலைய ஆட்டுனீங்க. தோப்ப குத்தகைக்கு விடலாமான்னு சும்மா கேட்டேன், அதுக்கும் ஆட்டுனீங்க. இருவத்தாறு வருசத்துல நான் சொன்னதுக்கு நீங்க மறுபேச்சு பேசாம இருந்ததே இல்ல. எனக்குப் பயமாப் போச்சுங்க. இவரு எங்க போனாருன்னு இருந்துச்சு. பேச்சு வந்தா மட்டும் போதாது வீரனாரே, அந்த வாயும் வரணும்னு வேண்டிக்கிட்டேன். எவன்கிட்டயாவது வம்பு இழுத்து, எதையாவது தோத்துட்டு வந்து திருதிருன்னு நிக்கணும். அன்னிக்கு ஒனக்குக் கிடா வெட்டுறேன்னு."

சின்னதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருசமா காத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் அடுப்படிக்கு வந்து, ஒம் புருசன் கிடாவையே பந்தயம் வச்சுட்டாருன்னு சொன்னப்ப, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்துனா மறுபடியும் வாய மூடிக்குவீங்களே."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இந்த மனுஷி மூன்று வருஷமாகத் தன் வாய்ச்சவடாலுக்காகவா ஏங்கிக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது கண் கலங்கியது. அப்படியே நின்றார்.

ஜானகியின் முகம் மாறியது. சட்டென்று அருகில் வந்து, முந்தானையால் அவர் வாயோரத்தைத் துடைத்து, உதடு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். "என்னங்க. ஏதாவது பேசுங்க. இப்படி நிக்காதீங்க."

சின்னதுரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்கி பத்து நிமிசத்த தையில ஆடலாம்கிறாங்க" என்றார். "அதுக்கு என்னத்த வைக்கலாம்னு யோசிக்கிறேன். உன் கறவ மாடு சும்மாத்தானே நிக்குது."

ஜானகி அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூசாரியிடம் நாள் கேட்டு வருவதற்காகச் செருப்பைத் தேடினாள்.